உறவின்மைச் சான்றிதழ்

கல்லூரி நூலகத்தில் இருபத்துமூன்று வருஷமாக வேலை பார்க்கும் அந்த நூலகருக்கு ‘ஆதாரம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எதைச் சொன்னாலும் “ஆதாரம் என்ன?” என்று கேட்டுவிடுவார். மழை வரும்போல இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்கூட, யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று விசாரித்த பிறகே குடையை எடுப்பார்.

தம் குடும்ப வரலாற்றைத் தேடி வருகிறவர்களுக்காக அவர் நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருந்தார். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல்கள், மரண அறிவிப்பு வந்த செய்தித்தாள்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். கொள்ளுத் தாத்தா மந்திரியாக இருந்தவர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த ஒரு காண்டிராக்டர், மூன்றாம் நாள், கொள்ளுத் தாத்தா மந்திரியின் குதிரைக்குப் புல் போட்டவர் என்ற தகவலோடு திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை பதிவுத் தபால் ஒன்று வந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வார்டன் எழுதியிருந்தார். ‘எங்கள் இல்லத்தில் உள்ள எழுபத்துநான்கு வயதுப் பெண்மணி, நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் காலஞ்சென்ற தங்கள் தந்தையாரின் பெயரையும், தாங்கள் வேலை செய்யும் இடத்தையும் எழுதியுள்ளார். தம்மைத் தங்கள் தந்தையாரின் உடன்பிறந்த தங்கை என்கிறார். முப்பது நாட்களுக்குள் உறவை உறுதிசெய்யும் அரசு ஆவணத்தோடு வந்து அழைத்துச் செல்லாவிடில், அவர் உற்றார் அற்றோர் பிரிவுக்கு மாற்றப்படுவார்.’ அந்தப் பிரிவு ஒரு முழுநாள் ரயில் பயணத் தூரத்தில் இருந்தது. அங்கே போனவர்களைப் பார்க்கப் போவதற்கு யாரும் இருப்பதில்லை. பெயரிலேயே அது இருக்கிறது.

நூலகர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“உங்கப்பாவுக்குத் தங்கச்சியா? நாத்தனார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தாங்க. நாப்பத்தெட்டு வருஷமா நான் அதை எத்தனை பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன் தெரியுமா?”

“அப்பா ஒண்ணும் சொன்னதில்லையாம்மா?”

“அவரு உப்பு போதலன்னுகூட சொல்ல மாட்டாரு. தங்கச்சி இருக்கான்னு சொல்லவா போறாரு? இது ஏதோ ஏமாத்து வேலைடா. நம்ம வீட்டு மேல கண்ணு வச்சிருக்காங்க.”

நூலகருக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும், பார்க்காமல் ஒரு முடிவுக்கு வருவது அவருடைய தொழிலுக்கு அழகில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு இல்லத்துக்குப் போனார்.

பார்வையாளர் அறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரு மேஜையும் இருந்தன. எதிரே வந்து உட்கார்ந்த பெண்மணி ஒல்லியாக, நிமிர்ந்த முதுகோடு இருந்தாள். மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தடவை அளந்தாள்.

“நீதான் அவன் பிள்ளைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?”

நூலகர் திகைத்துப் போனார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வியை வேறொருவர் வாயிலிருந்து கேட்கிறார்.

“நான்தான் உங்களைக் கேக்கணும்” என்றார்.

“கேளு.”

“எங்கப்பா உடம்புல ஒரு அடையாளம் உண்டு. எங்கேன்னு சொல்லுங்க.”

“அடையாளம் உண்டுன்னு நீயே சொல்லிட்ட. மீதியையும் நீயே சொல்லு. சரியா தப்பான்னு நான் சொல்றேன்.”

“நீங்க சொல்லுங்க, சரியா தப்பான்னு நான் சொல்றேன்.”

“அப்படிச் சொல்லித்தான் போன வருஷம் பக்கத்துக் கட்டில்காரிகிட்ட ஒருத்தன் எல்லாத்தையும் கறந்துட்டுப் போனான். மருமகன்னு சொன்னான். அவளுக்குப் பொண்ணே கிடையாது.”

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டார்கள். ஒருவரும் ஒரு பதிலும் சொல்லவில்லை. வார்டன் எட்டிப் பார்த்து, பதிவேட்டில் ‘சந்திப்பு நடைபெற்றது, தகவல் பரிமாற்றம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது அந்தப் பெண்மணி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். “எங்க ரெண்டு பேரு பிறப்பும் ஒரே புத்தகத்துல ஏறியிருக்கு. குடும்பப் பதிவேடுகள் காப்பகத்துல போய்ப் பாரு. பத்தொன்பதாம் நம்பர் தொகுதி. நீ படிச்சவன்தானே?”

தொகுதி எண்ணோடு பேசுகிற ஏமாற்றுக்காரியை நூலகர் அதுவரை சந்தித்ததில்லை. சந்தேகம் குறையவில்லை, கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது.

குடும்பப் பதிவேடுகள் காப்பகம் பெரிய மஞ்சள் கட்டடம். வாசலில் பை, பேனா, கைப்பேசி, குடை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அந்த வில்லையைத் தொலைத்தால் தொலைத்தவர் நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது.

கண்காணிப்பாளர் மரியாதையானவர். நூலகர் என்று கேட்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தொகுதி பத்தொன்பதா? தாராளமா பாக்கலாம் சார். அதுல உள்ளவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒருத்தர் எங்கப்பா. இன்னொருத்தர் அத்தையா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்.”

கண்காணிப்பாளர் முகம் வாடிவிட்டது.

“உறவுக்காரங்களுக்குக் காட்டறதில்லையே சார்.”

“இது குடும்பப் பதிவேடுகள் காப்பகம்தானே?”

“அதனாலதான் சார். குடும்பப் பதிவேட்டுல இதுவரைக்கும் நடந்த மோசடி அத்தனையும் குடும்பத்துக்காரங்க பண்ணினது. கணக்கெடுத்துப் பாத்திருக்கோம். நூத்துக்கு நூறு. வெளியாள் யாராவது அடுத்தவன் பாட்டன் பேரைத் திருத்தியிருக்கானா? மாட்டான். அவனுக்கு என்ன வந்தது? அதனால, சம்பந்தம் இல்லாதவங்க மட்டும்தான் பாக்கலாம்.”

“சம்பந்தம் இல்லாதவங்க எதுக்குப் பாக்கணும்?”

“அதைத்தான் நாங்களும் சந்தேகப்படறோம்” என்றார் கண்காணிப்பாளர். “அதனால அவங்க ஒரு சான்றிதழ் வாங்கணும். உறவின்மைச் சான்றிதழ். நீங்களும் வாங்கலாம். உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் எந்த உறவும் இல்லன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துடும். அப்புறம் நீங்க நிம்மதியா போய் உங்க அத்தையான்னு பாத்துக்கலாம்.”

நூலகர் இதை மனத்துக்குள் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அச்சுப்பிழை எதுவும் தெரியவில்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

விண்ணப்பத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தவர்கள் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால், விண்ணப்பதாரரை முன்பின் தெரியாதவர்கள்தான் போட வேண்டும். ‘இவரை எனக்குத் தெரியாது, ஆகவே இவர் சொல்வது உண்மை என்று உறுதியளிக்கிறேன்’ என்பது வாசகம்.

தாழ்வாரத்து வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் தெரியாதவர் தேவைப்பட்டது. இருவரும் படிவத்தை மாற்றிக்கொண்டார்கள். டீச்சரம்மா மரியாதைக்காக, “உங்களுக்கு எந்தப் பக்கம்?” என்று தொடங்கியதுதான் தாமதம், ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா கத்தினார்.

“பேசாதீங்க! பேசினா தெரிஞ்சவங்க ஆயிடுவீங்க!”

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நூலகரும் போட்டார். இருவரும் தலையைக்கூட ஆட்டாமல் பிரிந்தார்கள்.

இரண்டாவது சாட்சி வாசலில் டீ விற்கிறவர். பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். வருகிற எல்லோருக்கும் அவர்தான் தெரியாதவர். கெட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்.

“முகத்தைக் காட்டாதீங்க சார்” என்றார், கையை மட்டும் பின்னால் நீட்டி. “பாத்துட்டா கையெழுத்து செல்லாது. போன மாசம் ஒருத்தர் கூப்பிட்டாரேன்னு திரும்பிட்டேன். என் மச்சான். ரெண்டு பேருக்கும் நஷ்டம்.”

அடுத்த வாரம் சாயல் குழு. விண்ணப்பதாரருக்கும் மற்றவருக்கும் முகச் சாயல் இருக்கிறதா என்று ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட குழு அது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்களும் நடுவில் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். இல்லத்திலிருந்து வாங்கி வந்த அந்தப் பெண்மணியின் புகைப்படத்தை நூலகரின் கன்னத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார்கள். சிரிக்கக் கூடாது என்றார்கள்; சாயல் பெரும்பாலும் சிரிப்பில்தான் வெளியே வருமாம்.

“காது அப்படியே இருக்கு” என்றார் முதல் உறுப்பினர்.

“புருவமும்” என்றார் இரண்டாமவர்.

“எனக்கு என் மாமனார் மாதிரி இருக்கு” என்றார் மூன்றாமவர். அவர் முகத்தில் பழைய கோபம் ஒன்று வந்து போனது.

நூலகர் தம் காதைத் தொட்டுப் பார்த்தார். நாற்பத்தேழு வருஷத்தில் அதைப்பற்றி அவர் யோசித்ததே கிடையாது. புகைப்படத்தைத் திரும்ப வாங்கி உற்றுப் பார்த்தார். அத்தையாகவே இருக்கலாம் என்று தோன்றியது. அதே நேரத்தில் பயமாகவும் இருந்தது. சாயல் இருக்கிறது என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். பன்னிரண்டு நாள் ஏற்கனவே போய்விட்டது.

குழுத் தலைவர் கண்காணிப்பாளரேதான். முத்திரையை எடுத்து ‘சாயல் இல்லை’ என்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

“ஆனா காது…” என்றார் நூலகர், தன்னையறியாமல்.

“காது இருக்கட்டும் சார். சாயல் இருக்குன்னு எழுதினா நாங்க சாட்சி ஆயிடுவோம். கோர்ட்டுல கூப்பிட்டுக் கேப்பாங்க. இல்லன்னு எழுதினா ஒருத்தன் கூப்பிட மாட்டான். இந்தக் காப்பகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து யாருக்கும் யாரோட சாயலும் இருந்தது கிடையாது. போன மாசம் ரெட்டைப் பிள்ளைங்க வந்தாங்க. எது எந்தப் பிள்ளைன்னு எங்களுக்கே குழப்பம். சாயல் இல்லன்னுதான் எழுதினோம்.”

இருபத்து நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம். மேலே பெரிய முத்திரை. நடுவில் நூலகரின் பெயரும் அந்தப் பெண்மணியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். ‘மேற்கண்ட இருவருக்கும் எவ்வித உறவும் இல்லை என்று முழு விசாரணைக்குப் பின் சான்றளிக்கப்படுகிறது.’

கண்காணிப்பாளர் அவரைப் பதிவேட்டு அறைக்குத் தாமே கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் பெருமையோடு பேசிக்கொண்டே வந்தார்.

“சந்தேகம்தான் சார் இந்த ஆபீசோட அஸ்திவாரம். பொதுமக்களை நம்பறதில்ல. ஊழியர்களையும் நம்பறதில்ல. என்னையே நான் நம்பறதில்ல. இந்தக் கதவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு எங்கே இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா தப்பு நடந்துடும் பாருங்க.”

“அப்ப எப்படித் திறப்பீங்க?”

“பூட்டு கெட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சு. சும்மா தள்ளினா போதும்.”

அறைக்குள் பழங்காகித வாசனை. நூலகருக்கு அது பழகிய வாசனை. ஆனால் அலமாரிகளைப் பார்த்ததும் கை தானாக அடுக்கி வைக்கப் போனது. நாற்பதாம் தொகுதி ஆறாம் தொகுதிக்குமேல் கிடந்தது. அட்டவணை என்று எதுவும் இல்லை. பத்தொன்பதாம் தொகுதியைத் தூசிக்குள்ளிருந்து அவரே தோண்டி எடுத்தார். ஒரு குமாஸ்தா அவரைக் கவனிக்க நின்றார். அந்தக் குமாஸ்தாவைக் கவனிக்க இன்னொரு குமாஸ்தா நின்றார். புத்தகத்தைத் திறந்ததும் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

“நாங்க பாக்கக் கூடாது” என்றார் கண்காணிப்பாளர் சுவரிடம். “எங்க குடும்பமும் எங்கேயாவது இருக்கலாம். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பக்கம்கூட நான் பாத்தது கிடையாது. நீங்க நிதானமா பாருங்க.”

நூலகர் பக்கங்களைப் புரட்டினார். அப்பாவின் பெயர் வந்தது. தாத்தா பெயர், பாட்டி பெயர், தெரு, வீட்டு எண். எல்லாம் சரி. பதினோரு பக்கம் தள்ளி, நான்கு வருஷம் கழித்து, அதே தாத்தா, அதே பாட்டி, அதே வீட்டு எண். பெண் குழந்தை. பெயர்மீது சிவப்பு மையில் ஒரு கோடு.

ஓரத்தில் பொடியெழுத்தில் ஒரு குறிப்பு: ‘மேற்படி நபர் தன்னிச்சையாகத் திருமணம் செய்துகொண்டு குடும்பத்தை நீங்கியதால், குடும்ப மனுவின்பேரில் பெயர் நீக்கப்பட்டது.’ மனு பக்கத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ‘இவருக்கும் எங்களுக்கும் எவ்வித உறவும் இல்லை.’ கீழே கையெழுத்து. முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சுழி சுழித்து, கடைசி எழுத்தை மேலே இழுத்துவிடுகிற கையெழுத்து. பத்து வருஷம் தம் மதிப்பெண் அட்டைகளில் அவர் பார்த்த கையெழுத்து. அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

நூலகர் அந்தக் கையெழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். வேறு யாராவது இதைக் கொண்டுவந்து சொல்லியிருந்தால் ஆதாரம் கேட்டிருப்பார். ஆதாரம் கைக்கடியில் இருந்தது.

“என்ன சார், சத்தத்தையே காணோம்?” சுவர்ப் பக்கமிருந்து கண்காணிப்பாளரின் குரல் கூர்மையாக வந்தது. “ஏதாவது கிடைச்சுதா? உறவுன்னு தெரிஞ்சா உடனே சொல்லிடணும். சான்றிதழ் ரத்தாயிடும். நீங்க பாத்ததும் பாக்காததா ஆயிடும். அந்தம்மா உங்களுக்கு உறவா?”

நூலகர் புத்தகத்தை மூடினார். ரத்தானால் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு குழு. ஆறு நாள்தான் மிச்சம்.

“எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார்.

அப்பா எழுதிக் கொடுத்ததை மகன் வாயால் சொன்னான். சுவரைப் பார்த்து நின்ற மூன்று பேரும் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கையெழுத்தைப்பற்றிச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வருஷா வருஷம் ஒரு நாள் கண் டெஸ்டுக்குன்னு காலையிலேயே கிளம்பிப் போவாரு” என்றாள் மெதுவாக. “புதுச் சட்டை போட்டுக்குவாரு. ஒரு பை நிறைய என்னமோ வாங்கிட்டுப் போவாரு. சாகற வரைக்கும் கண்ணாடியே போட்டதில்ல. கண் டாக்டருக்கு எதுக்குப் பையின்னு நான் ஒரு நாள்கூட கேக்கல பாரு.”

“சந்தேகம் வரலையாம்மா?”

“வந்துதுடா. வேற மாதிரி சந்தேகம். கேட்டா உண்மையாயிடுமோன்னு கேக்கல.” மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “தங்கச்சியைப் பாக்கத்தான் போனாருன்னா… பாவி மனுஷன், சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் நாப்பத்தெட்டு வருஷமா ஒரு கண் டாக்டரைக் கரிச்சுக் கொட்டிட்டு இருந்தேன்.”

மறுநாள் பின்னறையில் இருந்த பழைய பெட்டிகளையெல்லாம் அம்மா தானே இழுத்து வெளியே போட்டாள். கட்டிலுக்குப் புதுப் படுக்கை விரித்தாள். “வரட்டும். ஆனா அடுப்படி என்னோடது. அதை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு வா” என்றாள்.

இருபத்தொன்பதாம் நாள் நூலகர் இல்லத்துக்குப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். பதிவேட்டில் பார்த்ததைச் சொல்லலாம், நகல் இல்லை. நகல் கேட்டிருந்தால் உறவைச் சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த ஒரே அரசு ஆவணம் அந்தச் சான்றிதழ்தான். அதை உள்ளே வைத்த கோப்பை அவர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“ஆவணம்?” என்றார் வார்டன்.

“அது வந்து, மேடம், நான் கொஞ்சம் விளக்கமா…”

வார்டன் கோப்பை வாங்கி, சான்றிதழை உருவி, மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். வார்டன் தம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரு பேரும் ஒரே தாள்ல. இருக்கு. முத்திரை. இருக்கு. அதிகாரி கையெழுத்து. இருக்கு.” மூன்று கட்டங்களிலும் சரி போட்டார்.

நூலகரால் பொறுக்க முடியவில்லை. “மேடம், அதுல உறவு இல்லன்னு போட்டிருக்கு.”

“படிச்சேனே.”

“அப்புறம்…?”

“எங்க படிவத்துல மூணு கட்டம்தான் சார். உறவு இருக்கா இல்லையான்னு நாலாவது கட்டம் கிடையாது. அதெல்லாம் காப்பகத்து வேலை. அவங்க முழு விசாரணை பண்ணித்தான் குடுத்திருக்காங்க. அவங்க விசாரணையில நாங்க தலையிட முடியுமா?” பிறகு பேனாவை நிறுத்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. உறவு இல்லாதவரு எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“என் அத்தை” என்றார் நூலகர்.

அந்தச் சொல்லை அவர் அதுவரை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. வார்டன் அதை எழுதிக்கொள்ளவில்லை. அதற்கும் கட்டம் இல்லை.

ஆட்டோவில் அத்தை தகரப்பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு நான்காக மடித்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அடுப்படி அவங்களோடதாம்.”

“நல்லதாப் போச்சு. எனக்குச் சமைக்கவே பிடிக்காது.”

நாலைந்து தெரு போனபிறகுதான் நூலகருக்குத் தைரியம் வந்தது.

“அத்தை, அந்தப் புத்தகத்துல உங்க பேரை அடிச்சிருக்கு. மனுவுல அப்பா கையெழுத்து.”

“தெரியும்” என்றாள் அத்தை. வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் பக்கத்துலதான் நின்னேன். நான் கிளம்பற அன்னிக்குத்தான் எழுதினாங்க. எங்கப்பா கத்தறாரு. அம்மா உள்ள கதவைச் சாத்திட்டு அழறாங்க. உங்கப்பன் பேனாவைப் பிடிச்சிட்டு மரம் மாதிரி நிக்கறான். அந்தப் பேனா நழுவிக் கீழே விழுந்து முள்ளு உடைஞ்சுபோச்சு. என்கிட்ட ஒரு பேனா இருந்தது, நான்தான் எடுத்துக் குடுத்தேன். போடுண்ணா, வெறும் காகிதம்தானே, போட்டுட்டு அப்பாவைச் சமாதானம் பண்ணுன்னேன்.”

ஆட்டோ சிக்னலில் நின்றது.

“அது இத்தனை வருஷம் இருக்கும்னு யாரு கண்டா?” என்றாள்.

காகிதம் அழியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நூலகருக்கு இருபத்துமூன்று வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர் சரிந்துகொண்டிருந்த தகரப்பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டார்.